பொன், வெள்ளி, சாவு

மூன்றாம் படிக்கு மேலே தூக்கிய வலக்காலைக் கீழே வைக்க ரெமெதியோஸ் மறுத்தாள்.

"இது சாவு," என்றாள்.

"இது நாரா மரம்," என்றார் அவள் கணவர் சிப்ரியானோ. "எண்பது வருஷம் கோயில்ல ஜனங்க உக்காந்து ஜெபம் பண்ணின பெஞ்சு. இதைவிடப் புண்ணியப்பட்ட பலகை இந்த லெமெரியில எவன் வீட்லயும் கிடையாது."

"பலகையைக் கேக்கல. எண்ணிக்கையைக் கேக்கறேன். முதல் படி பொன். ரெண்டாவது வெள்ளி. மூணாவது?"

அவ்வூரில் பிறந்த எவருக்கும் அந்த விடையைக் கற்றுத்தர வேண்டியதில்லை. பொன், வெள்ளி, சாவு; மீண்டும் பொன், வெள்ளி, சாவு. உச்சிப்படி எதில் முடிகிறதோ அதுவே அவ்வீட்டின் விதி.

அவர் பள்ளி ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். எப்பொருளுக்கும் ஆயுள் முடிந்துவிட்டதாக அவர் ஒப்புக்கொண்டதேயில்லை. பிறர் குப்பையென எறிந்தவை அவர் கைபட்டு உயிர்த்தெழுந்தன. ஜீப்னி வண்டியின் பின்னிருக்கை அவர் வரவேற்பறையில் சோபாவாக வீற்றிருந்தது. தையல் இயந்திரத்தின் இரும்புக்கால்கள் உணவு மேசையைத் தாங்கி நின்றன. சிப்பி பதித்த பழைய சன்னற்கதவு அலமாரியாகிப் பீங்கான் தட்டுகளைச் சுமந்தது. கறையான் அரித்த பழைய படிக்கட்டை அகற்றிவிட்டு, பங்குக்கோயிலில் கழித்த பெஞ்சை அறுத்து, இழைத்து, மெருகேற்றி மூன்று அகன்ற படிகளை அவர் அமைத்திருந்தார். அவர் வாழ்நாளில் கோணாமல் வந்த முதற் படைப்பு அதுதான்.

"ஞாயித்துக்கிழமை யார் வராங்க, ஞாபகம் இருக்கா?" என்றாள் ரெமெதியோஸ்.

மறக்கக்கூடியதா அது? ஒரே மகள் ரொவெனாவைப் பெண் கேட்க, ஜெரிக்கோவின் வீட்டார் வருகிறார்கள். அந்தச் சடங்குக்குப் பெயரே படியேறுதல். மாப்பிள்ளை வீட்டார் படியேறி வந்தால்தான் கேட்டதாகக் கணக்கு. ஏறாமல் திரும்பினால் கேட்கவேயில்லை என்று பொருள்.

"ஜெரிக்கோவோட அம்மா ஃபெலிசிதாஸ் இருக்காங்களே, மே மாசத் திருவிழாவுக்குச் சொந்தத் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காங்க. வாசல்ல நின்னு விரல விட்டுப் படியை எண்ணியிருக்காங்க. ஒன்பது. ஒரு வார்த்தை பேசாம வண்டியில ஏறித் திரும்பிட்டாங்க. வறுத்த பன்னியக்கூடத் திரும்பிப் பாக்கல!"

"ஒன்பதும் சாவுதான்," என்று சிப்ரியானோ முனகினார்.

"நேத்து ரொவெனாகிட்ட போன்ல அதையேதான் கேட்டாங்க. 'உங்க வீட்டுக்கு எத்தனை படிம்மா?'ன்னு. நான் போனப் புடுங்கி, 'நேர்ல வந்து பாத்துக்குங்க சம்பந்தி'ன்னு வெச்சுட்டேன்."

உள்ளிருந்து ரொவெனா குரல் கொடுத்தாள். "அம்மா, அவங்க சும்மா கேட்டிருப்பாங்க."

"சும்மா யாராவது படியை எண்ணுவாங்களா? நீ வாய மூடு. உன் கல்யாணத்துல உனக்கென்ன பேச்சு?"

அன்று வெள்ளிக்கிழமை. பள்ளியிலிருந்து கொணர்ந்த பழைய மேசை மூடியொன்றை, மாலைக்குள் நான்காம் படியாக உச்சியில் அறைந்தார் சிப்ரியானோ. பொன், வெள்ளி, சாவு, பொன். நிறைவோடு சுத்தியலைக் கீழே வைத்தார்.

"அப்பா, கதவு திறக்கல," என்றாள் உள்ளிருந்து ரொவெனா.

வெளிப்புறம் திறக்கும் கதவு புதிய படியில் முட்டி நின்றது.

"திறக்காதும்மா. ஆனா சாவு இல்ல."

"நான் எப்பிடிப்பா நைட் டூட்டிக்குப் போறது?"

பெண் பக்கவாட்டுச் சன்னல் வழியே இறங்கி வேலைக்குச் சென்ற காட்சியைத் தெருவே கண்டது. சிப்ரியானோ கதவைக் கழற்றி, அடியில் நான்கு விரற்கடை அறுத்து மீண்டும் மாட்டினார். கதவு திறந்தது. மூடிய பின்னும் பாதி திறந்தேயிருந்தது. அறுத்த இடைவெளி வழியே அண்டை வீட்டுக் கோழி தலையைத் தாழ்த்தி உட்புகுந்து, சோபாவின்மேல் ஏறி அமர்ந்தது. ரெமெதியோஸ் அதை விரட்டினாள். அது மறுபடியும் வந்தது. அவள் மறுபடியும் விரட்டினாள். கோழிக்கு அந்தச் சோபா பிடித்திருந்தது. சிப்ரியானோவின் கைவினையை மனமார மெச்சிய உயிர் அவ்வீட்டில் அது ஒன்றே.

சனிக்கிழமை காலை ரெமெதியோஸின் அண்ணன் தெலெஸ்ஃபோரோ வந்தார். இடுப்பில் கைவைத்து நின்று, கீழிருந்து மேலாகவும் மேலிருந்து கீழாகவும் நோட்டமிட்டார். அழையாமல் வந்து குறை சொல்வதை ஓர் அறமாகவே அவர் பேணி வந்தார்.

"மாப்ள, ஆறு படி வெச்சிருக்கியே, உனக்கு அறிவிருக்கா?"

"நாலு, மச்சான். கண்ணத் தொறந்து பாரு."

"கீழ சேறாகாம ஒரு கல்லு போட்டிருக்கியே, அது யாரு? அதுல கால வைக்காம பறந்தா போவாங்க? அது ஒண்ணு. வாசற்படி ஒண்ணு. ஆகமொத்தம் ஆறு. பொன், வெள்ளி, சாவு, பொன், வெள்ளி..." இறுதிச் சொல்லை அவர் உதட்டால் மட்டும் சொன்னார்.

"வாசற்படிய எவன் எண்ணுவான்?"

"எங்கப்பா எண்ணினாரு. எண்பத்தாறு வயசு வரைக்கும் இருந்தாரு."

"அண்ணன் சொல்றது சரிதாங்க," என்றாள் ரெமெதியோஸ். "ஃபெலிசிதாஸ் அம்மா எப்பிடி எண்ணுவாங்கன்னு நமக்கென்ன தெரியும்?"

சிப்ரியானோ காகிதமும் பென்சிலும் எடுத்து அமர்ந்தார். கல்லைச் சேர்த்தால் எண்ணிக்கை தடுமாறியது. ஆகவே கல்லை நீக்கினார். இனி வாசற்படியைச் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் சாவு வராது: தனியே நான்கு பொன், சேர்த்து ஐந்து வெள்ளி. தம் நுண்மதியைத் தாமே வியந்து, வெகுநேரம் அப்படியே நின்றார்.

அன்று பிற்பகல் மழை பெய்தது. ஆகஸ்டு மாத மழை. வானம் பொத்துக்கொண்டது போலக் கொட்டியது. கல்லில்லாத வெறும் மண்ணில் நின்ற படிக்கட்டு, களைத்த எருமை சேற்றில் அமர்வதுபோல் மெல்ல மெல்ல அமர்ந்தது. மழை ஓய்ந்து குடையோடு வெளிவந்த ரெமெதியோஸ் எண்ணினாள்.

"ஏங்க."

"சொல்லு."

"முதல் படியக் காணோம்."

நாரா மரத்தின் புண்ணியப்பட்ட பலகை சேற்றுக்குள் புதைந்திருந்தது. எஞ்சியவை மூன்று.

"சாவு!" என்றார் மதிற்சுவருக்கு அப்பாலிருந்து தெலெஸ்ஃபோரோ. அவர் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை.

சிப்ரியானோவின் பொறுமை அக்கணத்தோடு அற்றது. "ஏழு!" என்று முழங்கினார். "ஏழு பொன். வாசற்படியச் சேத்தா எட்டு, வெள்ளி. மண்ணு கெட்டியா இருக்கற எடத்துலருந்து, வெளிக்கதவுக்குப் பக்கத்துலருந்தே கட்டிக்கிட்டு வரேன். இனிமே எவன் எப்பிடி எண்ணினாலும் சாவு வராது!"

"பலகைக்கு எங்க போவீங்க?"

அவர் பார்வை வீட்டுக்குள் சென்றது. அதன் பொருள் ரெமெதியோஸுக்கு விளங்கிவிட்டது.

"வேணாங்க. சோபாவ விட்டுடுங்க."

சேற்றில் புதைந்த பலகையைத் தோண்டியெடுத்தார்; சோபாவையும் அவர் விடவில்லை. ஜீப்னி இருக்கையின் அடிப்பலகை ஐந்தாம் படிக்குப் போயிற்று. உணவு மேசையின் மேற்பலகை ஆறாவது ஆயிற்று. அலமாரியாக வாழ்ந்த சன்னற்கதவு ஏழாவதாகக் கிடந்தது. தையல் இயந்திரத்தின் கால்கள் அடியில் முட்டுக் கொடுத்தன. பதினைந்தாண்டு உழைத்து உயிர்ப்பித்தவற்றையெல்லாம் அவர் ஒரே மாலையில் மறுபடி பலகையாக்கினார். ஒவ்வோர் ஆணியையும் அறையும்போது அவர் பல்லைக் கடித்த ஓசை சுத்தியலின் ஓசையினும் மிகுந்து கேட்டது.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்து இறுதி ஆணியை அறைந்தார். படிக்கட்டு வெளிக்கதவில் தொடங்கி, முற்றத்தை விழுங்கி, வாசலை எட்டியது. வீட்டினுள் அமர ஒரு பலகையும் எஞ்சவில்லை.

"வந்தவங்க எங்க உக்காருவாங்க?" என்றாள் ரெமெதியோஸ். பன்சித் நூடுல்ஸ் நிறைந்த அண்டாவை அவள் தரையில் வைத்திருந்தாள்.

"முதல்ல ஏறி வரட்டும்."

"வந்தப்புறம்?"

"ஏழு படி இருக்கே, அதுல உக்காரட்டும்!"

"எனக்குக் கல்யாணமே வேணாம்," என்றாள் ரொவெனா.

பதினொரு மணிக்கு வெள்ளை வேன் வந்து நின்றது. கஞ்சி போட்ட சட்டையில் ஜெரிக்கோ இறங்கினான். அவன் தந்தை டோமெங், வாழையிலை சுற்றிய சுமான் கொழுக்கட்டைத் தட்டை ஏந்தி இறங்கினார். பின்னாலேயே அத்தை, சித்தப்பா, மூன்று உறவினர்கள். எல்லோருக்கும் பின்னர், வண்ணத்துப்பூச்சியின் சிறகு போன்ற கைவைத்த உடையில், கருஞ்சாயம் பளபளக்கும் கூந்தலோடு ஃபெலிசிதாஸ் இறங்கினார். வெளிக்கதவைக் கடந்தார். படிக்கட்டின் அடியில் நின்றார்.

சுட்டுவிரல் உயர்ந்தது.

மேலே வாசலில் ரெமெதியோஸ் மகளின் கையைப் பற்றிக்கொண்டாள். சிப்ரியானோ மூச்சடக்கி, ஒவ்வொரு விரலசைவுக்கும் தம்முள் எண்ணினார். பொன். வெள்ளி. சாவு. பொன். வெள்ளி. சாவு. ஏழாம் படியில் விரல் நின்றது. பொன்! அவர் முகம் மலர்ந்தது.

ஃபெலிசிதாஸின் முகம் வாடியது. இன்னொரு முறை எண்ணினார். பிறகு ஒரு சொல்லும் பேசாமல் திரும்பி நடந்து வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அம்மா!" என்று ஜெரிக்கோ பின்னால் ஓடினான். ரொவெனா முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"போச்சு! என் பொண்ணு வாழ்க்கை போச்சு!" என்று ரெமெதியோஸ் ஏழாம் படியிலேயே அமர்ந்துவிட்டாள்.

"நான் அப்பவே சொன்னேன், வெளிக்கதவுக் கட்டையையும் எண்ணணும்னு," என்றார் தெலெஸ்ஃபோரோ.

"நீ எப்பய்யா சொன்ன?" என்று அலறியபடி ஏழு படிகளையும் தடதடவென்று இறங்கினார் சிப்ரியானோ. சுமான் தட்டோடு திகைத்து நின்ற டோமெங்கின் முன்னே போய்க் கைகளை விரித்தார்.

"சம்பந்தி, நீங்களே சொல்லுங்க! ஏழு, பொன். வாசற்படியோட எட்டு, வெள்ளி. இதுக்காக என் சோபாவ உடைச்சேன், மேசைய உடைச்சேன், கதவ அறுத்தேன். முதல்ல மூணே மூணு படி, தாழ்வா, அழகா, கோயில் பெஞ்சுல கட்டி வெச்சிருந்தேன். சம்பந்தியம்மாவுக்குச் சாவு ஆகாதேன்னுதான் எல்லாத்தையும் மாத்தினேன். எங்க தப்புப் பண்ணினேன்?"

டோமெங் வேனைத் திரும்பிப் பார்த்தார்; மகன் காதில் விழாத தொலைவில் இருக்கிறான் என்பதை உறுதிசெய்துகொண்டார்; தட்டை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, சிப்ரியானோவின் காதருகே குனிந்தார்.

"பொன்னுமில்ல, சாவுமில்ல சம்பந்தி. அவளுக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சுபோச்சு, வயசாயிடுச்சுன்னு சொல்லிடுவாங்களோன்னு பெத்த புள்ளைகிட்டகூட மறைக்கிறா. டாக்டர் ஏறலாம்னு விட்டது மூணே மூணு படிதான்."