சுவரைத் தட்டிப் பார்ப்பவர்

மதுரைப் பக்கம் எந்தத் தெருவில் ஒரு லோடு மணல் இறங்கினாலும், அதன் ஈரம் காய்வதற்குள் ஒருவர் வந்து நிற்பார். அவரை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அவர் கொத்தனார் இல்லை, என்ஜினியர் இல்லை, சிமெண்டு வியாபாரி இல்லை, அந்தத் தெருக்காரர்கூட இல்லை. சும்மா அந்த வழியாகப் போனவர். போகிற போக்கில் உள்ளே நுழைந்து, மணலில் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தூணின் நேர் பார்த்து, பூச்சை நகத்தால் சுரண்டி, சுரண்டியதை ஊதி, கடைசியாக நடுவிரலை மடக்கிச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு "ம்ம்" என்பார். அவ்வளவுதான். வீடு கட்டுகிறவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

இந்த இனத்துக்குத் தட்டிப் பார்ப்பவர் என்று பெயர். இவர்களில் முழு வளர்ச்சி அடைந்த ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் தல்லாகுளம் தங்கப்பாண்டியைப் பாருங்கள். முப்பத்தொரு வருடம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் சர்க்கரை நிறுத்துக் கொடுத்து ஓய்வு பெற்றவர். கட்டடத்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? ஒரு காலத்தில் சொந்தமாக ஒரு வீடு கட்டினார். ஒரு கல்யாணம் பண்ணிக்கொண்டவரெல்லாம் கல்யாணத் தரகர் ஆகிவிட முடியுமா என்று கேட்காதீர்கள். ஆகிக்கொண்டுதானே இருக்கிறார்கள்?

தங்கப்பாண்டி எப்போதும் "நமக்கெதுக்கு" என்றுதான் ஆரம்பிப்பார். அதைக் கேட்டதும் நீங்கள் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிடுவது நல்லது. "கம்பி எத்தன எம்.எம்.?" என்பார். பன்னிரண்டு என்றாலும் "ம்ம்", பதினாறு என்றாலும் "ம்ம்". வரைபடத்தை நீட்டினால் தொடமாட்டார். "பேப்பர்ல எல்லாச் சொவரும் நேராத்தான் நிக்கும்" என்று சொல்லிவிடுவார். குறையே கிடைக்காவிட்டால் வாடிப்பட்டிக்காரர் ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்வார். "இப்பிடித்தான் வாடிப்பட்டியில ஒருத்தரு கட்டுனாரு..." அந்த மனிதருக்கு இதுவரை பதினேழு வீடு வெடிப்பு விட்டிருக்கிறது. அவரைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை.

இவர் கண்ணில் அவனியாபுரம் சேக் இஸ்மாயிலின் கட்டடம் பட்டது.

கீழே வீடு, மேலே தையல் கூடம். கூடம் இஸ்மாயிலின் மனைவி சுல்தான் பீவிக்கு. பீவியும் ஒன்பது பெண்களும் தகரக் கொட்டகையில் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தவர்கள். சித்திரை பிறந்தால் மதியம் மூன்று மணிக்கு மேல் அங்கே உட்கார முடியாது. வெள்ளைச் சட்டையில் வியர்வை சொட்டி, தைத்தது திரும்பி வரும். போன வருடம் ஒரு பெண் மெஷின் மேலேயே மயங்கிச் சாய்ந்தாள். அதனால் என்ஜினியர் சரண்யாதேவி முதல் தடவை வந்தபோதே பீவி சொல்லிவிட்டார்: "எனக்கு அழகெல்லாம் வேணாம்மா. மேக்குச் சொவரு கொதிக்கக் கூடாது. அம்புட்டுத்தான்."

சரண்யாதேவி மொட்டை மாடிக்கு வெள்ளை ஓடு போட்டாள், ஜன்னலுக்கு மேல் அகலமாக நிழல் கொடுத்தாள், மேற்குச் சுவருக்குச் செங்கலைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து, நடுவில் மூன்று அங்குலம் காலி விட்டுக் கட்டச் சொன்னாள். நடுவில் நிற்கும் காற்று வெயிலை உள்ளே விடாது. வரைபடத்தில் அப்படியே எழுதி, ஒப்புதலும் வாங்கினாள். கொத்தனார் மலையாண்டி சுத்தமாகக் கட்டி முடித்தார். அதன் பிறகு அவள் ஒரு வாரம் வெளியூர் வேலைக்குப் போனாள். தங்கப்பாண்டி வந்தார்.

மேல் கூடத்தின் மேற்குச் சுவரைத் தட்டினார். சுவர் டொக்கென்றது. தங்கப்பாண்டி தட்டிய சுவர்களிலேயே இப்படி மனதார ஒத்துழைத்த சுவர் வேறு கிடையாது.

"நமக்கெதுக்கு பாய். ஆனா இந்தச் சொவருக்குள்ள ஒண்ணுமே இல்ல."

"அது அப்பிடித்தாண்ணே. நடுவுல காத்து இருந்தா சூடு வராதாம்."

"யாரு சொன்னா?"

"என்ஜினியர் பொண்ணு."

"ம்ம். காத்துக்கு எதுக்கு பாய் சொவரு? வெளியில அம்புட்டுக் காத்தும் சும்மாதான கெடக்கு?"

இஸ்மாயில் தானும் ஒரு தடவை தட்டிப் பார்த்தார். அவர் கேட்டதற்குப் பதில் உங்களுக்குத் தெரியுமா? அந்த நேரத்தில் யாருக்குமே தெரியாது. வாடிப்பட்டிக்காரரின் பதினெட்டாவது வீடும் அங்கேயே வெடித்தது. மத்தியானத்துக்குள் இஸ்மாயில் மலையாண்டியைக் கூப்பிட்டு, சுவரின் உச்சியில் கல்லைப் பெயர்த்து உள்ளே சிமெண்டுக் கலவையை ஊற்றச் சொல்லிவிட்டார். மலையாண்டி யாரோடும் வம்பு வைத்துக்கொள்ளாதவர். மேடம் சொன்னால் மேடம் சரி, ஓனர் சொன்னால் ஓனர் சரி. தெற்கு மூலையில் ஆறடி நீளத்துக்கு நிரப்பினார். அத்தோடு சிமெண்டு தீர்ந்தது. அது தீர்ந்தது அந்தக் கட்டடத்தின் நல்ல காலம்.

அடுத்த செவ்வாய் சரண்யாதேவி திரும்பி வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். கத்தவில்லை. நடுவிரலை மடக்கி, வடக்கு மூலையில் ஆரம்பித்து, அடிக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போனாள். அன்றைக்கும் அங்கே வந்து நின்ற தங்கப்பாண்டிக்கு முகம் சுண்டிவிட்டது. தன் தொழிலைத் தன் கண் முன்னாலேயே ஒரு சின்னப் பெண் செய்வதை யார்தான் பொறுப்பார்கள்? சுவர் காலியாகச் சத்தம் போட்டால் அவள் நகர்ந்தாள். கெட்டியாகச் சத்தம் போட்ட இடத்தில் சாக்பீசால் பெருக்கல் குறி போட்டாள். தெற்கு மூலை முழுக்கப் பெருக்கல் குறி.

"வர்ற திங்கக்கெழம மாநகராட்சியில இருந்து செக் பண்ண வாராங்க சார். வரைபடத்துல ஒண்ணு, சொவத்துல ஒண்ணு இருந்தா கட்டட வேல முடிஞ்சதுன்னு முடிவுச் சான்று எழுதிக் குடுக்க மாட்டாங்க."

"எழுதலேன்னா ஒரு காயிதம்தாம்மா போச்சு. சொவரு போச்சுன்னா? ஒம்பது பொம்பளப் புள்ளைக ஒக்காரப் போகுது."

இஸ்மாயிலின் பயம் நிஜமான பயம். சரண்யாதேவி சுவரின் எடை, தாங்கும் பலம் என்று விளக்கினாள். எல்லாம் சரியான விளக்கம். ஆனால் ஒரு "ம்ம்"முக்கு எதிரே விளக்கம் என்ன செய்யும்?

மணி மூன்றரை. மேற்கு வெயில் சுவரில் முழுசாக இறங்கியிருந்தது. சுல்தான் பீவி கூடத்தின் உள்பக்கமாகச் சுவரிடம் போய், வலது உள்ளங்கையைப் பெருக்கல் குறி மேலேயும், இடது கையைப் பக்கத்துக் காலிச் சுவரிலும் வைத்தார். வலது கையை உடனே எடுத்துவிட்டார். பிறகு கணவரின் கையைப் பிடித்து அதே மாதிரி வைத்தார். இஸ்மாயிலும் எடுத்துவிட்டார்.

"இந்த மூலையிலதான் என் மெசினு கெடக்கப் போகுது. இங்க நாந்தான் ஒக்காரணும். அண்ணன் ஒக்கார மாட்டாரு" என்றார் பீவி.

தங்கப்பாண்டி விட்டுக்கொடுப்பாரா? அவரும் சூடான இடத்தில் கையை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை, எடுத்தால் தோற்றது போல ஆகிவிடுமே. "கெட்டிச் சொவருன்னா கொஞ்சம் கதகதன்னு இருக்கத்தான் செய்யும்" என்றார். நெற்றியில் வியர்வை அரும்பியது.

பீவி சிரித்துக்கொண்டே ஒரு நாற்காலியை இழுத்து, முதுகு அந்த மூலையை ஒட்டும்படி போட்டார். "ஒக்காருங்கண்ணே. டீ வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கேன். சாவகாசமாக் குடிச்சிட்டுப் போகலாம்."

உட்கார்ந்தார். டீ வருவதற்குள் நாற்காலி ஒரு சாண் வடக்கே நகர்ந்திருந்தது. கிளாஸ் பாதி காலியாகும்போது இன்னும் ஒரு முழம். கடைசி மடக்கைக் குடித்தபோது தங்கப்பாண்டி காலிச் சுவரில் நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இஸ்மாயில் அதைப் பார்த்தார். மலையாண்டியைக் கூப்பிட்டு, "அந்த ஆறடியப் பிரிச்சு மறுபடி அந்தப் புள்ள சொன்ன மாதிரியே கட்டிருய்யா" என்றார். "நானும் அதத்தான் நெனச்சேன் பாய்" என்றார் மலையாண்டி.

திங்கட்கிழமை வந்தவர்கள் தட்டினார்கள், அளந்தார்கள், படத்தோடு ஒத்துப் பார்த்தார்கள், சான்று எழுதினார்கள். இப்போது அந்தக் கூடத்தில் மாலை ஆறு மணி வரை மெஷின் ஓடுகிறது.

தங்கப்பாண்டி திருந்தினாரா? நல்ல கேள்வி. போன வாரம் தல்லாகுளத்தில் ஒரு வீட்டில் நுழைந்து, முறையாகக் கட்டிய கெட்டிச் சுவரைத் தட்டி, "என்ன இது, உள்ள காலியே விடலையா?" என்று கேட்டிருக்கிறார். அந்த வீட்டுக்காரர் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று கேள்வி.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன கோடையில் ரோட்டோரம் தர்பூசணி வாங்க நின்றீர்களே, ஒரு பழத்தைக் கையில் தூக்கி, தட்டி, காதருகே வைத்துக் கேட்டுத் தலையை ஆட்டினீர்களே, அந்தப் பழம் உங்களிடம் என்ன சொன்னது? உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. பக்கத்தில் நின்றவருக்கு மட்டும் நீங்கள் தலையாட்டியதிலேயே நல்ல பழம் என்று தெரிந்துவிட்டது. நீங்கள் தலையாட்டிவிட்டுக் கீழே வைத்த பழத்தை அவர்தான் வாங்கிக்கொண்டு போனார். வீட்டில் போய் அறுத்த பிறகுதான் அது பழமா காயா என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.