கதாநாயகியின் காலடியில் ஓர் இடம்

மேபல் ஹோல்ராய்டின் கணவர் வில்ஃப் எந்த விதியையும் மீறாமல், தன் கட்டிலிலேயே இறந்துபோனார். யார்க்‌ஷயர் மேட்டிலுள்ள அந்த ஊர்த் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில், அவருடைய அம்மாவுக்குப் பக்கத்து இடம் அவருக்கென்றே விட்டுவைக்கப்பட்டிருந்தது. அங்கேதான் சிக்கல். அதில் லெட்டிஸ் இருந்தாள்.

லெட்டிஸ் பழைய நாவலொன்றின் கதாநாயகி. காசநோயில் செத்தவள். நாவலைப் படமெடுக்க வந்தவர்கள் அட்டையில் கல்லறை செய்து நட்டுவிட்டு, எடுத்துப்போக மறந்தார்கள். படம் பார்த்தவர்கள் பேருந்து பேருந்தாக வந்து அழுதார்கள். அட்டை மழையில் ஊறிப்போனதும், ஊராட்சியின் பாரம்பரியப் பிரிவு பொதுமக்களின் துயரத்தைக் கருத்திற்கொண்டு அசல் கல்லே வைத்துவிட்டது.

அந்தப் பிரிவின் அதிகாரி பிக்கர்ஸ்கில் மேபலுக்குத் தேநீர் கொடுத்து உட்காரவைத்தார்.

"உள்ள யாருமே இல்லையேய்யா. வெறும் மண்ணு."

"உள்ள ஆள் இல்லைன்னா, அவங்க சாகலைன்னு ஆயிடுமாம்மா?"

கல்லறையை அகற்ற நெருங்கிய உறவினரின் சம்மதம் வேண்டும். லெட்டிஸின் கணவனோ கடைசி அத்தியாயத்தில் கப்பலேறியவன். நாளைக்கு அவன் திரும்பிவந்து கேட்டால் அலுவலகம் எந்த முகத்தோடு பதில் சொல்லும் என்று பிக்கர்ஸ்கில் உண்மையாகவே கவலைப்பட்டார். பிணவறையில் இருப்பவர் எத்தனை நாள் காத்திருப்பார் என்று மேபல் கேட்டாள். பிக்கர்ஸ்கில் அவகாசம் கேட்டார்.

பாரம்பரியப் பிரிவின் குழு கூடியது. மனிதாபிமானத்தோடு ஒரு வழியும் கண்டது. நாவலில் ஓபெட் என்றொரு கிழட்டு வேலைக்காரன் வருகிறான். எஜமானியைக் கடைசிவரை பிரியாதவன். அவனை எங்கே புதைத்தார்கள் என்று ஆசிரியர் எழுதவில்லை. அலுவலகத்துக்கு நெடுநாளாக அது ஒரு குறை. வில்ஃபை ஓபெட்டாக லெட்டிஸின் காலடியில் புதைக்க ஆட்சேபணை இல்லை.

"கல்லுல அவர் பேரு?"

"வில்ஃப்னு நாவல்ல யாரும் வரலையேம்மா."

எப்படியோ அவர் அம்மா பக்கத்திலேயே கிடப்பார் என்று மேபல் தலையாட்டினாள்.

அடுத்த ஞாயிறு அவள் பூவோடு போனபோது, பேருந்துக்காரர்கள் முந்திக்கொண்டிருந்தார்கள். ஓபெட்டைச் சுற்றி நல்ல அழுகை. வழிவிடச் சொல்லி, "இவரு என் வீட்டுக்காரரு" என்றாள்.

ஒரு பெண் அவள் தோளை அணைத்துக் கைக்குட்டை கொடுத்தாள்.

"ஓபெட்டுக்குக் கல்யாணமே ஆகலையேம்மா," என்றாள் கனிவாக. "படிச்சப்ப எனக்கும் அவரைக் கட்டிக்கணும்னுதான் இருந்துச்சு."