மாமா நடந்த பாதை

கணினித் திரையில் நித்யா மேரியின் மாமனார் நடுக்கடலில் நடந்துகொண்டிருந்தார்.

"ஏங்க, இங்க வாங்க! மாமா வங்காள விரிகுடாவுல போறாரு!"

கணவன் டோனி பல் துலக்கியபடியே எட்டிப் பார்த்தான். "அப்பாவுக்கு நீச்சல் தெரியாதே!"

நித்யா சனிக்கிழமைதோறும் கடலூரிலிருந்து பஸ் பிடித்து சிதம்பரம் போய், டிஜிட்டல் மேப் போடும் படிப்பு படிக்கிறாள். ஒருவர் தினமும் நடக்கும் பாதையைப் போனில் பதிந்து, மேப்பாக்கி, வரும் சனிக்கிழமை காட்ட வேண்டும். தேறினால் சர்வே கம்பெனி ஒன்றில் வேலை.

ஆளுக்கு எங்கே போவது? மாமனார் செபாஸ்டின் இருக்கவே இருக்கிறார். ரிட்டயர்டு பஸ் டிரைவர். பக்கத்துத் தெருவுக்குக்கூட வண்டி கேட்கிற மனுஷன், சுகர் ஜாஸ்தியானதும் மருமகள் சொல்லைத் தட்டாமல், போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு விடிந்ததும் வாக்கிங் போகிறார். தேவனாம்பட்டினம் பீச்சுக்கு நேரே போய் நேரே திரும்புவதாகச் சொல்வார். வரும்போது மறக்காமல் ஒரு கட்டு கீரை வாங்கி வருவார். தங்கமான மாமனார்.

மேப் போடுகிறவர்கள் பூமியை மண்டலம் மண்டலமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முந்தின நாள் பதிந்த பாதைக்கு நித்யா தட்டியது பக்கத்து மண்டலம், அதனால்தான் கடல். அதை அழித்துவிட்டு அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் நேராகவே கொடுத்தாள். கொடுத்த அவசரத்தில் இதை அங்கேயும் அதை இங்கேயும் மாற்றிப் போட்டுவிட்டாள். மாமனார் கடலை விட்டு வட துருவத்துப் பக்கம் போய்ப் பனிக்கட்டி மேல் நின்றார்.

"அடடா, ஸ்வெட்டர்கூட எடுத்துட்டுப் போவலியே," என்றான் டோனி.

"கிண்டல் பண்ணாதீங்க, எனக்கு அழுகையா வருது!"

சிதம்பரத்து ஆசிரியை காயத்ரிக்குப் போன் போட்டாள். அவர் சொல்லச் சொல்ல மாற்றினாள். மாமனார் ஒருவழியாகக் கடலூர் வந்து சேர்ந்தார். ஆனால் பீச்சுப் பக்கமே போகவில்லை. தெருத் தெருவாகச் சுற்றினார். வாசலுக்கு வாசல் நின்றார்.

"டேட்டா சரியாத்தான் இருக்கு நித்யா. இனிமே அவரத்தான் கேக்கணும்," என்று வைத்துவிட்டார் காயத்ரி.

நித்யா டோனியின் பக்கம் திரும்பினாள். "ஏங்க... நம்ம வீடு எதுன்னு தேடுறாரோ?"

டோனி வாயிலிருந்து பிரஷ்ஷை எடுத்தான். இப்போது அவன் சிரிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கீரைக்கட்டோடு உள்ளே வந்தார் செபாஸ்டின்.

"மாமா, பீச்சுக்குத்தானே போறீங்க?"

"ஆமாம்மா. நேரா பீச்சு."

திரையை அவர் பக்கம் திருப்பினாள். செபாஸ்டின் முகம் வெளுத்தது.

"வழி கிழி மறந்து போவுதா மாமா?"

"ஆங்... அதாம்மா! கொஞ்சம் மறதி மாதிரிதான் இருக்குது," என்று கிடைத்ததை டக்கென்று பிடித்துக்கொண்டார் மனுஷன்.

வந்தது வினை. டோனி வீட்டு விலாசத்தை எழுதி அவர் சட்டைப் பையில் குத்திவிட்டான். நித்யா நிமிஷத்துக்கு ஒருதரம் வந்து, "நான் யாரு மாமா?" என்று கேட்டாள். "நித்யாம்மா, என் மருமவ," என்று அவர் சொன்னால் அதற்கும் அழுதாள். நரம்பு டாக்டரிடம் மறுநாளுக்கே டோக்கன் போட்டாயிற்று.

"கிளாஸும் வேணாம், வேலையும் வேணாம். மாமா நல்லா இருந்தா போதும்," என்று நித்யா மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றினாள்.

செபாஸ்டின் எழுந்து அவளிடம் வந்தார். "அம்மா நித்யா, அது வந்து..."

"பேசாதீங்கப்பா! மூளைக்கு ஸ்ட்ரெயின் குடுக்கக் கூடாது," என்று டோனி அவரைப் படுக்க வைத்தான்.

மறுநாள் காலை வாசலில் ஆட்டோ நின்றது. குழந்தையைக் கூட்டிப் போவதுபோல் நித்யா மாமனாரின் கையைப் பிடித்துப் படி இறக்கினாள். தெருமுனையிலிருந்து, தலையில் கூடையோடு, மூச்சு வாங்க வந்தாள் கீரைக்கார மாரியம்மாள்.

"இன்னா டிரைவரய்யா, வடைய வாங்கி வச்சிக்கினு டீக்கடையில குந்தியிருப்பீங்கன்னு பாத்தா, ஆளையே காணோம்? சீக்கிரம் போனக் குடுங்க, வெயில் ஏறதுக்குள்ள உங்க வாக்கிங்க முடிச்சிட்டு வந்துடுறேன்!"