லிஃப்ட் வேந்தர் மாடிப்படி வென்ற படலம்

வாழ்க ஆசன வேந்தர்! பொத்தான் அழுத்தும் ஒற்றை விரலால் பல்லாயிரம் மாந்தரை மேலுக்கும் கீழுக்கும் அனுப்பிவைத்து, தாம் மட்டும் முக்காலியை விட்டு எழாமலே பணிஓய்வு பெற்ற அந்த லிஃப்ட்காரப் பெருந்தகையின் புகழ் ஓங்குக! மூட்டுவாதம் என்னும் கொடும்பகைவன் முழங்கால்களில் பாசறை அமைத்துவிட்ட இந்நாளில், கித்தான் பூட்டிய மடக்கு நாற்காலியே அவர்தம் அரியணை. அதுவே கோட்டை, அதுவே கொற்றம்.

“நடந்தாத்தான் வலி குறையும்” என்று பிசியோதெரபிப் பெண் ஓதிய மந்திரத்தை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார் வீரர். மெய்யாக அவர் அஞ்சியது வலிக்கு அன்று. நடக்க முயன்று முடியாமல் போய்விட்டால் என்ன செய்வது என்பதற்கே.

இல்லத்தரசி போர்முரசு அறைந்தார்: “இன்னிக்கு நடக்கக் கிளம்பலைன்னா இந்த நாற்காலி என் தம்பி வீட்டுக்குப் போயிடும். அவன் கீழே வந்துட்டான், கூட்டிட்டு வரேன்.”

சற்றுநேரத்தில் மைத்துனப் படை லிஃப்டேறி வரும் உறுமல் கேட்டது. அதைக் கேட்டே வளர்ந்த செவி அல்லவா! நாற்காலியை மொட்டைமாடியில் ஒளிக்க வேண்டும், லிஃப்டிலோ பகைவர். ஆகவே, கதியற்றோர் வழியென்று வாழ்நாளெல்லாம் தாம் இகழ்ந்த மாடிப்படியில், தம்மை அங்கே எவரும் கனவிலும் தேடார் என்னும் துணிவில், அரியணையை மடக்கித் தோளில் ஏற்றி, கைப்பிடியைப் பற்றி, படிக்கொரு கடவுளை விளித்து, முட்டிகள் போர்க்களிறெனப் பிளிற, வியர்வை ஆறெனப் பெருக, நின்றார், முனகினார், ஏறினார், உச்சியை எட்டியே விட்டார்!

அந்தோ! லிஃப்டைத் தொடா நோன்பினளாகிய பிசியோதெரபிப் பெண், அவர் இல்லம் நோக்கிப் படியேறி வந்தவள், இக்காட்சி கண்டு வாய்பிளந்து பின்தொடர்ந்திருந்தாள். திசையெட்டும் அதிர முழங்கினாள்: “அம்மா, மேல வாங்க! ஐயா நாற்காலியைத் தூக்கிட்டே மாடி ஏறிட்டாரு!”

திரண்டது சுற்றம், எழுந்தது கரவொலி. “முட்டி வலி...” என்று வாயெடுத்த வேந்தர் நாக்கைக் கடித்துக்கொண்டார். தம் ஒரே கேடயத்தைத் தம் கையாலேயே உடைத்து, அதற்குக் கைதட்டலும் வாங்கிய மாவீரர் உலகில் இவரன்றி யாருளர்! முடியாதோ என்ற அச்சம் இப்போது அவரிடம் இல்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

மைத்துனர் நாற்காலியை விரித்து உட்கார்ந்துகொண்டார், வேந்தர் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கப் போனார்.