நடுநிலைமை தவறாத மேசை

“தாத்தா, அந்த டாக்டரம்மா ஏன் ஸ்டூல் மேல ஏறி நிக்கிறாங்க?” என்று, ஆபரேஷன் தியேட்டரின் கண்ணாடிக் கதவு வழியே எட்டிப் பார்த்த பேத்தி ஒரு நாள் பெரிய டாக்டரிடம் கேட்டாள்.

“அவங்க குள்ளம்டா செல்லம்.”

“மேசைதானே தாத்தா உயரம்?”

ஏழு வயதுக்கு நடுநிலைமை எப்படிப் புரியும்? பாரபட்சம் என்னும் நோய் தலைகாட்டாத இடம் இப்பூவுலகில் ஒன்று உண்டென்றால், அது பெரிய டாக்டரின் ஆபரேஷன் தியேட்டர்தான். ஆணோ பெண்ணோ, அங்கே எல்லோருக்கும் ஒரே மேசை, ஒரே உயரம். அதாவது, ஆறடி இரண்டங்குலம் வளர்ந்த அவருக்கு வாகான உயரம். பித்தானை அழுத்தினால் மேசை இறங்கும். ஆனால் பித்தானுக்கு மேலே, ‘உயரத்தை மாற்றக் கூடாது’ என்ற சீட்டு, அவர் கையெழுத்தோடு பதினொரு வருடமாக ஒட்டியிருந்தது.

‘அறியாமல் நிகழும் பாரபட்சம்’ பற்றி ஆலோசிக்க ஆஸ்பத்திரியில் கூட்டம் போட்டார்கள். பெரிய டாக்டர் எழுந்தார்.

“நம்ம தியேட்டர்ல ஒண்ணும் அறியாம இருக்கிறது மயக்கத்துல கிடக்கிற பேஷன்ட் மட்டும்தான்! டாக்டரம்மாவுக்கு ஸ்டூல் வாங்கிக் குடுத்ததே நான்தான்.”

கைதட்டல். டாக்டரம்மாவும், பாவம், தட்டினார்.

அடுத்த மாதம் பெரிய டாக்டருக்குப் பணி ஓய்வு. அடுத்த துறைத் தலைவர் யார் என்று அவர்தான் பரிந்துரைக்க வேண்டும். தன்னைப் போலவே நெடுநெடுவென்றிருந்த சக டாக்டரைப் பற்றி, ‘தலைமைக்கேற்ற நிமிர்வு’ என்று எழுதினார். டாக்டரம்மாவைப் பற்றி: ‘பொன்னான கை. ஆனால் சொந்தக் காலில் நிற்கும் உறுதி போதாது.’

கையெழுத்துப் போடுவதற்குள் பித்தப்பைக் கல் அவரைச் சுருட்டிப் போட்டது. உடனே ஆபரேஷன் என்றார்கள்.

“யாரு சார் பண்ணணும்?” என்று கேட்டார் தலைமை நர்ஸ்.

“டாக்டரம்மாவைக் கூப்பிடு.”

“அந்த நெட்டை சார் சும்மாதான் இருக்காரு…”

“வயிறு என்னோடதும்மா!”

மேசையில் படுத்தபடி அவர் பக்கவாட்டில் பார்த்தார். டாக்டரம்மா ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினார்.

“மேசையை இறக்கிக்கக் கூடாதாம்மா?”

“சீட்டு இருக்கே சார்.”

“கிழிச்சுப் போடேன்.”

“உங்க கையெழுத்தாச்சே சார். என் இடுப்புக்கும் பழகிப் போச்சு. ஒண்ணு, ரெண்டு எண்ணுங்க.”

மூன்றுக்குள் அவர் ‘ஒன்றும் அறியாதவர்’ ஆனார்.

இருபது நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத தியேட்டருக்குள் தனியாக நுழைந்தார். பழைய பரிந்துரை நான்காகக் கிழிந்து குப்பைக்கூடைக்குப் போயிருந்தது. சட்டைப் பையிலிருந்த புதிய கடிதத்தில் ஒரே வரி: ‘என் உயிரை இவரிடம்தான் ஒப்படைத்தேன், துறையையும் ஒப்படைக்கலாம்.’

சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தார். பித்தானை அழுத்தினார். மேசை முனகிக்கொண்டே டாக்டரம்மாவின் உயரத்துக்கு இறங்கியது. குனிந்து, இல்லாத ஒரு நோயாளிக்குக் கால் மணி நேரம் ஆபரேஷன் செய்து பார்த்தார். இடுப்பு விண்ணென்று தெறித்தது. ஸ்டூலை எடுத்து மூலையில் வைத்துவிட்டு வெளியேறினார். ஆண்டவனைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

பெரிய டாக்டரின் பெருந்தன்மைக்கு வேறு சான்று எதற்கு? பதினொரு வருட வலியைப் போக்க, அவருக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு விரல்தான்.