உப்பில்லாத சேவல்

படகு உரிமம் கேட்டு கிரிசாந்தோ மனுக் கொடுத்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. பன்னிரண்டாம் மாதம் மேயர் அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்தால், மேயரின் சண்டைச் சேவல் அந்த மனுவின்மேல் உட்கார்ந்து பரிசீலித்துக்கொண்டிருந்தது. பரிசீலனையின் முடிவும் மனுவின்மேலேயே கிடந்தது.

கிரிசாந்தோ சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். பச்சைப் பப்பாளி போட்டுத் தினோலா சூப்பு வைத்துக் குடித்தான். பிறகு, உரிமம் இல்லாத அதே படகில் பிலிப்பைன்ஸ் எல்லையைத் தாண்டி, அக்கரையில் இந்தோனேசியத் தீவொன்றில் இறங்கினான்.

அதற்குள் மேயரின் கடிதம் அங்கே வந்து சேர்ந்துவிட்டது. பதினோரு மாதம் அசையாத அதே அலுவலகம்தான். "மேற்படி திருடனை, குற்றவாளிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தப்படி உடனே அனுப்பி வைக்கவும். ஆறு வருடச் சிறை தயாராக உள்ளது."

துறைமுக அதிகாரி வாகோங்கன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார்.

"இதப் பாருப்பா. திருட்டுன்னா உன்னைத் திருப்பி அனுப்பணும். அரசியல் குற்றம்னா அனுப்பக் கூடாது. ஒப்பந்தத்துல இருக்கு. சேவலைப் பசியில தின்னியா, கொள்கையில தின்னியா?"

"கோவத்துல தின்னேன், ஐயா."

"இஞ்சி போட்டியா?"

"போட்டேன்."

"கோவக்காரன் இஞ்சி போடுவானா? இது நாக்கு ருசி. திருட்டேதான்." பேனாவைத் திறந்தார்.

கிரிசாந்தோ முந்திக்கொண்டான். "ஐயா, அவசரத்துல உப்புப் போட மறந்துட்டேன்யா! அப்படியே முழுங்கினேன்!"

பேனா நின்றது. "உப்பில்லாமலா? முழுச் சேவலுமா?"

"கொண்டை வரைக்கும்."

வாகோங்கன் எழுந்து அவன் கையைக் குலுக்கினார். "இதை மொதல்லயே சொல்றதுக்கு என்னய்யா?" கோப்பில் எழுதினார்: 'உப்பின்மையால், உள்நோக்கம் அரசியலே என ஐயந்திரிபற நிறுவப்பட்டது.'

அனுப்ப இயலாது என்று மேயருக்குப் பதில் போயிற்று.

"இனிமே நீ எங்க விருந்தாளி. தங்குறதுக்கு ஒரு மனு எழுதி அடுத்த ரூம்ல குடுத்துடு. அவ்வளவுதான்."

அடுத்த அறையில் நீண்ட வரிசை. மேசைமேல் மனுக்கட்டு. கட்டின்மேல் வாகோங்கனின் சேவல், கண்ணை மூடிப் பரிசீலித்துக்கொண்டிருந்தது.

ஐந்து மாதம் கழித்தும் அது கண்ணைத் திறக்கவில்லை. ஒருநாள் கிரிசாந்தோவின் கை தானாக நீண்டது. முன்னால் நின்ற உள்ளூர்க் கிழவர் அதைப் பட்டென்று தட்டிவிட்டார்.

"எடுடா கைய. ரெண்டு வருஷமா நிக்கிறேன், இது என் சேவல்." குரலைத் தாழ்த்தினார். "உப்புப் போடலேன்னா உங்க ஊர்லயும் விருந்தாளியா வெச்சுப்பாங்கல்ல?"

"தாராளமா வாங்க, பெரியவரே," என்றான் கிரிசாந்தோ. "எங்க மேயர் புதுச் சேவல் வாங்கிட்டாராம்."