“இது சும்மா அமெரிக்காதானே!”

“…கடல் தாண்டி, காடு தாண்டி, இவ்வளவு வருசம் இந்தக் குளிருக்கை கிடந்து பிள்ளையை வளர்த்து, கடைசியிலை அவள் இஞ்சையும் பின்னுக்குத்தானோ இருக்கோணும், மாஸ்டர்?” என்று தவமணி அக்கா கேட்டபோது, நான் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

உண்மையான பஸ் இல்லை. சுவிஸ் நாட்டு லாங்கன்தாலில், சனிக்கிழமைகளில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு வாடகைக்குக் கிடைக்கிற ஒரு வகுப்பறையில், கதிரைகளை இரண்டிரண்டாக அடுக்கி நான் உண்டாக்கிய பஸ். ஸ்டியரிங்குக்குப் பதிலாக என் கையில் ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டுத் தட்டு. ஒரு தாய் நெஞ்சு கொதித்துக் கேள்வி கேட்கிறாள், நான் அந்தத் தட்டைக் கீழே வைக்கவில்லை. (வைக்காதது மட்டுமா? பயத்தில் இடப்பக்கம் ஒரு சின்னத் திருப்பம் வேறு திருப்பினேன்.)

அந்தப் பஸ் எப்படிப் பள்ளத்தில் விழுந்தது என்று விளங்க வேண்டுமென்றால் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பயிற்சி பெற்ற ஆசிரியன் இல்லை. மட்டக்களப்புப் பக்கத்து ஆள். சண்டைக்குள் என் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. மிச்சமெல்லாம் நானாக வாசித்ததும், நாலு பேர் வாயிலிருந்து கேட்டதும். கிழமை நாட்களில் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. அங்கே ஒரு சுவிஸ் கிழவி, சூப் ஆறிப்போனால் “குளிர்ந்துபோவதில் இது என்னை முந்திவிட்டது” என்பாள். இப்படிப்பட்ட சொற்களுக்காகவே நான் அந்த வேலையை விடாமல் இருக்கிறேன் என்று என் மனைவி சுகந்தி சொல்வாள். பெரிய வகுப்பை எடுத்த ஆசிரியை பாசலுக்கு வீடு மாறிப் போனதும், பள்ளிக்கூடப் பொறுப்பாளர் நடராசா அண்ணை என்னைப் பிடித்தார். “வாய் உள்ள ஆள் நீர்தானே, எடும்” என்றார். என் தகுதி அவ்வளவுதான். வாய்.

அந்த வகுப்பில் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள். நான் “மறுகா” என்று சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். (‘பிறகு’ என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல். எனக்கு ‘மறுகா மாஸ்டர்’ என்று பட்டமே இருந்தது.) ஆண்டு முடிவில் அவர்கள் ஒரு தலைப்பில் தமிழில் பேசிச் சோதனை செய்ய வேண்டும். நடராசா அண்ணை பொங்கலைப் பற்றிப் பேசட்டும் என்றார். அவருடைய மகன் டிலக்சனே எழும்பி, “பொங்கலைப் பற்றி ஒவ்வொரு வருசமும் கதைச்சாச்சு மாஸ்டர், இனிப் பொங்குறதுக்கு ஒண்டுமில்லை” என்றான். சுவிஸ் பள்ளிக்கூடத்தில் அப்போது அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அதையே தமிழிலும் பேசுவோம் என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

எனக்கு அந்த விசயம் பிடித்துப் போயிற்று. வேலைக்குப் போகிற ரயிலில் வாசித்தேன், உருளைக்கிழங்கு உரிக்கும்போது நினைத்தேன். வெள்ளையருக்கு ஒரு பள்ளிக்கூடம், கறுப்பருக்கு ஒன்று. தண்ணீர் குடிக்கிற பைப்கூட வேறு வேறு. பஸ்ஸில் முன்சீற் வெள்ளையருக்கு. எழும்பமாட்டேன் என்று ஒரு பெண் இருந்த இடத்திலேயே இருந்துவிட, ஊர்ச்சனம் ஒரு வருசத்துக்கும் மேலாகப் பஸ்ஸையே தொடாமல் நடந்து வேலைக்குப் போயிருக்கிறது. அதைச் சொல்லும்போது என் குரல் தழுதழுத்தது. நிமிர்ந்து பார்த்தால் டிலக்சன் கொட்டாவி விடுகிறான். தவமணி அக்காவின் மகள் அனுஜா மட்டும் இரக்கப்பட்டு, “விளங்குது மாஸ்டர். ஆனா எங்களுக்கு அது படம் பாக்கிற மாதிரி” என்றாள்.

அந்தச் சொல் எனக்குள் முள்ளாக ஏறிவிட்டது. படம் பார்க்கிற மாதிரியா? இருங்கள், படத்துக்குள்ளேயே இறக்கிவிடுகிறேன்! வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பஸ்ஸில் முன்னும் பின்னுமாக இருத்தப் போகிறேன் என்றேன்.

“எங்கட சுவிஸ் ரீச்சர் கண் நிறத்தாலை பிரிச்சவ. நீலக் கண்காரருக்கு மட்டும் இடைவேளை” என்றாள் அனுஜா. அருமையான யோசனை என்று என் வகுப்பைப் பார்த்தேன். அத்தனை கண்ணும் ஒரே கோப்பி நிறம். தலைமயிரும் அப்படியே.

“பெர்மிட்டாலை பிரிப்பம் மாஸ்டர்” என்றான் டிலக்சன். “பி பெர்மிட் பின்னுக்கு, சி நடுவிலை, பாஸ்போட்காரர் முன்னுக்கு.”

(இந்த நாட்டில் இருக்கக் கொடுக்கிற அனுமதிகள் இவை. அதைத் தொட்டால் அது பாடமில்லை, கலவரம்.) பெற்றோர் மனம் நோகாத, யாருக்கும் சுடாத ஒன்றாக இருக்க வேண்டும் என்று தாடையைத் தடவி யோசித்தேன். கண்டுபிடித்தும் விட்டேன். “வீட்ட போய்க் கேட்டுக்கொண்டு வாங்க. அப்பாட ஊர் எது? ரெண்டு பேருக்கு ஒரே ஊரெண்டா, ஊருக்குள்ள எந்தப் பக்கம்?”

யாழ்ப்பாணத்து வாசகர்கள் இந்த இடத்தில் தலையில் கை வைத்திருப்பார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமல் சாதி கேட்பதற்கு யாழ்ப்பாணத்தில் இருக்கிற கேள்வி அதுதான். கலியாண வீட்டில், கோயில் வாசலில், புன்சிரிப்போடு கேட்பார்கள். எந்த ஊர்? அங்கை எந்தப் பக்கம்? இரண்டாவது பதிலோடு ஆளை அளந்து முடித்துவிடுவார்கள். எங்கள் மட்டக்களப்பில் இந்த வியாதி இல்லையென்று சொல்ல வரவில்லை. அங்கே “என்ன குடி?” என்று குலத்தை நேரடியாகவே கேட்டுத் தொலைப்பார்கள். இந்த நாசூக்கு எனக்குப் பழக்கமில்லை.

சுகந்தி யாழ்ப்பாணம். வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது பெருமையோடு அவளுக்குச் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“என்னைப் பொம்பிளை கேட்டு வரேக்கை என்ரை அப்பா உங்களை முதல் என்ன கேட்டவர்?”

“எந்த ஊர் எண்டு.”

“பிறகு?”

“ஊரில எந்தப் பக்கமெண்டு.”

“நீங்கள் என்ன சொன்னியள்?”

“ஆத்துக்கு அங்கால் பக்கமெண்டு.”

“அவர் உங்களிட்டை வழி கேட்டவர் எண்டு நினைச்சியளோ?”

அந்த இரவு நான் வடிவாக நித்திரை கொள்ளவில்லை.

வழக்கமாகச் சனிக்கிழமைகளில் பெற்றோர் பிள்ளைகளை வாசலில் இறக்கிவிட்டுச் சாமான் வாங்கப் போய்விடுவார்கள். அன்று அத்தனை பேரும் படியேறி வந்து, குளிர் கோட்டைக்கூடக் கழற்றாமல், பின்சுவரோரம் வரிசையாக நின்றார்கள். நடராசா அண்ணை கதவடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தவமணி அக்கா ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்கிறவர், சிரித்தால் தோள் இரண்டும் குலுங்கும். அன்று சிரிக்கவில்லை. மகளின் ஜக்கெற்றையும் கொழுவியிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்தார். அதன் பொருள் எனக்கு உடனே விளங்கிவிட்டது. பிழைத்தால் அனுஜாவைக் கையோடு கூட்டிக்கொண்டு போவார். போனால் அவள் திரும்பி வரமாட்டாள்.

கேட்டு வரச் சொன்னதைக் கேட்காமல் விடவும் வழியில்லாமல், முதல் பிள்ளையிடம் முதல் கேள்வியை மட்டும் கேட்டேன். “அப்பாட ஊர்?”

“யாழ்ப்பாணம் டவுண்.”

அடுத்த பிள்ளை? “டவுண்.” அடுத்தது? “டவுண், மாஸ்டர்.” அனுஜாவும் அம்மாவை ஒருதரம் பார்த்துவிட்டு, “டவுண்” என்றாள். லாங்கன்தாலில் இருக்கிற முழுத் தமிழ்ச் சனமும் ஒரே டவுணில் பிறந்திருந்தது. அங்கே சந்தைக்கும் பஸ் நிலையத்துக்கும் எங்கே இடம் இருந்திருக்கும் என்று நான் இன்றும் யோசிப்பதுண்டு.

கடவுள் காப்பாற்றினார். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். சரி பிள்ளைகளே, பொங்கலைப் பற்றிக் கதைப்போம் என்றிருக்கலாம். ஆனால் கதிரை அடுக்கியாயிற்று, தட்டு கையில் இருக்கிறது, வாயும் இருக்கிறது.

“பரவாயில்ல! ஜன்னல் பக்கம் இருக்கிற ஆக்கள் எல்லாரும் பின்சீற்றுக்குப் போங்க. கதவுப் பக்க ஆக்கள் முன்னுக்கு!”

ஜன்னலுக்கு ஊர் இல்லை, பக்கம் இல்லை. இதைவிடப் பாதுகாப்பான ஒன்றை யாரால் கண்டுபிடிக்க முடியும்? ஜன்னல் பக்கத்திலிருந்து அனுஜாவும், அவளோடு தவமணி அக்காவின் காரில் வருகிற மற்ற இரண்டு பிள்ளைகளும் எழுந்து பின்னுக்குப் போனார்கள். டிலக்சனும் மற்றவர்களும் சிரித்துக்கொண்டு முன்னுக்கு ஏறினார்கள். நான் டிங் டிங் என்று மணியடித்துப் பஸ்ஸை எடுத்தேன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யார் காரில் யார் வருவது என்பதைப் பிள்ளைகளா முடிவு செய்கிறார்கள்? தாய் தகப்பன். யார் வீட்டுப் பிறந்தநாளுக்கு யார் போவது, யார் வீட்டில் யார் சாப்பிடுவது என்பதெல்லாம் அவர்களுக்குள் வாய்விடாமல் இருந்த சாதிக் கணக்கு. காரில் சேர்ந்து வந்த பிள்ளைகள் வகுப்பிலும் சேர்ந்து இருந்தார்கள். அவ்வளவுதான். பெரியவர்கள் இத்தனை வருசமாகப் பார்த்துப் பார்த்துத் தாண்டி நடந்த கோட்டை நான் அறைக்கு நடுவால் இழுத்துவிட்டு, மேலே பஸ்ஸும் ஓட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. சுவரோரம் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

அப்போதுதான் தவமணி அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் தட்டைத் திருப்பினேன். பிறகு, உலகத்தில் எத்தனையோ சொற்கள் இருக்க, அதில் ஒன்றும் கிடைக்காமல், சொன்னேன்:

“அக்கா… இது… இது சும்மா அமெரிக்காதானே!”

இன்றுவரை என் வீட்டில் கறி அடிப்பிடித்தால், வரிக் கடிதம் வந்தால், என் மகள் கணக்கில் குறைந்த புள்ளி எடுத்தால், யாராவது ஒருவர் “விடுங்கோ, இது சும்மா அமெரிக்காதானே” என்று சொல்லாமல் இருப்பதில்லை. வெளியிலும் பரவிவிட்டது. போன மாரியில் நடராசா அண்ணை தவமணி அக்கா வீட்டுப் படியில் பனி வழுக்கிக் குப்புற விழுந்தவர், எழும்ப முன்னமே அதைத்தான் சொன்னாராம்.

ஆனால் அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. பின்சீற்றிலிருந்து அனுஜா திரும்பிப் பார்த்தாள். “அம்மா, இது விளையாட்டுத்தானே. நான் பின்னுக்கு இருந்தா என்ன?”

நடராசா அண்ணைதான் மெதுவாக, “தங்கச்சி, பிள்ளையளுக்கு முன்னாலை வேண்டாம். பழசு. விடுங்கோ” என்றார். அவரை நான் குறைவாகச் சொல்லமாட்டேன். தவமணி அக்கா இந்த நாட்டுக்கு வந்த முதல் மாரியில் ஒவ்வொரு அரசாங்கக் கந்தோருக்கும் கூடப் போய் மொழிபெயர்த்தவர் அவர். தன் மனைவியின் குளிர் கோட்டைக் கழற்றிக் கொடுத்தவர்.

“பழசோ அண்ணை?” என்றார் தவமணி அக்கா. பிறகு மகளைப் பார்த்தார். “டவுண் இல்லைப் பிள்ளை. நான் பொய் சொல்லித் தந்தனான். எங்கடை ஊரிலை நல்ல தண்ணிக் கிணறு ஒண்டு இருந்தது. நாங்கள் அதிலை அள்ளக் கூடாது. ஆரும் வந்து அள்ளி ஊத்துமட்டும் குடத்தோடை தள்ளி நிக்கோணும். பள்ளிக்கூடத்துக்குப் பிந்தினாலும் நிக்கோணும்.”

“மாஸ்டர் சொன்ன தண்ணிப் பைப் மாதிரியோ?”

“பைப் எண்டாப் பரவாயில்லையே. நாங்களே திறந்து குடிச்சிருப்பம்.”

முன்சீற்றில் டிலக்சனின் சிரிப்பு நின்றுவிட்டது. “ஆர் அன்ரி விடேல்லை? வெள்ளைக்காரரோ?”

“எங்கடை ஆக்கள்தான் தம்பி.”

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு கதவடிக்குத் திரும்பி, ஒரு குத்தலும் இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக மட்டும் கேட்டான்: “அப்பா, நாங்கள் அள்ளின ஆக்களோ, நிண்ட ஆக்களோ?”

நடராசா அண்ணை தன் சப்பாத்தைப் பார்த்தார். நான் எப்போது தட்டைக் கீழே வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை.

“அதை இப்ப கேட்டு என்ன தம்பி” என்றார் தவமணி அக்கா. “அப்பா எனக்குச் செய்த உதவி இஞ்சை ஒருத்தரும் செய்யேல்லை. ஒண்டே ஒண்டுதான். என்ரை வீட்டு வாசலுக்கு வந்தா, ‘இப்பதான் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன் தங்கச்சி’ எண்டுவார். இவ்வளவு வருசமா அவர் எப்பவும் இப்பதான் குடிச்சவர்.”

சொல்லிவிட்டு, மகளின் ஜக்கெற்றைப் பின்சீற்றில் அவளுக்குப் பக்கத்தில் வைத்தார். தன் பையைத் திறந்து பிளாஸ்க்கை எடுத்தார். மூடியைத் திருகி அதற்குள்ளேயே தேத்தண்ணி ஊற்றினார். ஆவி பறக்கிற மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என் பஸ்ஸின் நடுவழியால், ஒரு கதிரையிலும் முட்டாமல் நடந்து கதவடிக்குப் போய், நடராசா அண்ணைக்கு முன்னால் நீட்டி, “சீனி போட்டிருக்கு அண்ணை” என்றார். சொல்லிவிட்டு, நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றார்.